ஓட்டை போடாத குழாய்

கொர்னேலியஸ் கை வைத்த வண்டி தண்ணீரில் நிற்காது என்று சிம்பாங் அம்பாட்டிலிருந்து லூபோக் சீனா வரைக்கும் பேச்சு. அவரும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனிதர்தான்.

ஆற்றில் இறங்கும் வண்டிக்கு முதலில் மூக்கை உயர்த்த வேண்டும் என்பார். எஞ்சின் மூச்சு வாங்குவது முன்விளக்குக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில். அங்கே தண்ணீர் ஏறினால் எஞ்சின் அதையும் சேர்த்து உறிஞ்சிச் செத்துப்போகும். அதனால் மட்கார்டில் ஓட்டை போட்டு, ஸ்னோர்கல் என்கிற குழாயைக் கூரை வரை ஏற்றுவார். மின்கம்பி இணைப்புகளுக்கெல்லாம் கிரீஸ் வைப்பார். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்துவார். எஞ்சின் திணறி நின்றால் வேலை சுத்தம். நிற்கவில்லையென்றால் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மலாக்காவிலிருந்து நிவேந்திரன் என்கிற காண்ட்ராக்டர் புது ஹைலக்ஸ் வண்டியோடு வந்து நின்றான்.

"அண்ணே, ஓட்ட போட்டா வாரண்டி போயிரும்லா. சும்மா அழகுக்கு ஒட்டி விடுங்க. நான் என்னா, ஆத்துலயா எறங்கப் போறேன்?"

"அந்த மாதிரி வேல நான் செய்யறதில்ல."

"சரிண்ணே, மலாக்காவுலயே வேற ஆளு இருக்கான்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வேறு ஆளா? மூன்று திருகாணி, கொஞ்சம் சிலிக்கான் பசை. குழாய் கம்பீரமாக நின்றது. மதியச் சோறு கொண்டுவந்த மனைவி பாட்ரீசியா அதைப் பார்த்துவிட்டு, "காத்தே போகாத கொழாய எதுக்குங்க மாட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"பேஷன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. அதற்குப் பிறகு பாட்ரீசியாவின் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் அலோர் காஜாவுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அவர்கள் குடியிருந்த தோட்டத்து வீட்டுக்கும் டவுனுக்கும் நடுவில் தாழ்வான ஒரு பாலம். மழைக்காலத்துக்காகவே கொர்னேலியஸ் ஒரு பழைய லேண்ட் குரூசரை வாங்கிப் போட்டிருந்தார். அது பட்டறையில் கியர்பாக்ஸ் இல்லாமல் ஜாக்கி மேல் கிடந்தது. ஊரார் வண்டியெல்லாம் முடியட்டும் என்று அதைத் தள்ளிக்கொண்டே போனார்.

இந்த ஜனவரியில் மழை நான்கு நாள் விடாமல் ஊற்றியது. பாலம் மூழ்கியது. பாட்ரீசியாவுக்கு ஒரு முறை ரத்தச் சுத்திகரிப்பு தவறிப்போய், கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. மீட்புப் படகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் தோட்டத்து இளைஞன் புவனேஷ் தன் ஹைலக்ஸை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். போன வருஷம் பழைய வண்டியாக வாங்கியது.

"ஏறுங்க அங்கிள். ஸ்னோர்கல் இருக்கு. நீங்க மாட்டுனதுதானாம், நிவேந்திரன் சொன்னாரு. என்னா பயம்?"

கொர்னேலியஸ் மனைவியைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் குழாயைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் நடுப்பாலத்தில் எஞ்சின் செத்து மூன்று பேரும் போவார்கள். பேசினால் இத்தனை வருஷத்துப் பெயர் போகும். அந்த நிலையிலும் அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை அவரால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை.

ஏறி நின்று குழாயின் வாயைப் பொத்தினார். எஞ்சின் எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா அங்கிள்?"

"இது சும்மா ஒட்டுனதுப்பா. உள்ள ஓட்டையே இல்ல. நான்தான் செஞ்சேன்."

பின்சீட்டிலிருந்து பாட்ரீசியா மெதுவாகக் கேட்டாள்: "அந்த வண்டியாங்க இது?"

பட்டறையும் கருவிகளும் தண்ணீருக்கு அந்தப் பக்கம். குளியலறைக் குழாயை அறுத்து, பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றி, கொட்டுகிற மழையில் ஸ்னோர்கலை எஞ்சினோடு இணைக்க ஏதேதோ செய்து பார்த்தார். ஈரத்தில் டேப் ஒட்டவில்லை. பொத்தும்போதெல்லாம் எஞ்சின் நிற்காமல் ஓடியது. இரண்டு மணி நேரம் போனது. அதற்குள் பாலத்தின் கைப்பிடியும் தண்ணீருக்குள் போய்விட்டது. இனி எந்த வண்டியும் போகாது.

படகு மறுநாள் மதியம் வந்தது. பாட்ரீசியா விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தாள். அவள் கணவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் ஏங்குகிறார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் புவனேஷ் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். கண்ணைப் பார்க்காமல், "ஓட்டைய போட்டுக் குடுத்துருங்க அங்கிள்" என்றான்.

கொர்னேலியஸ் மட்கார்டை அறுத்தார், குழாயை இணைத்தார், வளையத்தை முறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு மேல்வாயைப் பொத்தினார். அது திணறி நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை தொடங்கி நாற்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது.