எந்த ஊர், எந்தத் தெரு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. முன்னே நடந்தது பின்னே வரும், சிலது மறந்தே போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். யார் எதிரிலாவது நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் ஜாஸ்தியாகிறது.

நான் இருப்பது கனடாவில், டொரொண்டோவுக்குப் பக்கத்தில், மகள் கலையரசியோடும் மருமகனோடும் பேரப்பிள்ளையோடும். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா. தினமும் காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். "ஹவ் ஆர் யூ" என்பார். நான் பதிலைத் தேடி வாய்க்குக் கொண்டுவருவதற்குள் தெருமுனை திரும்பியிருப்பார். அந்த நாயின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு என்ன வயது, எந்தத் தீனி ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரியும். அவராகவே நின்று சொன்னது. ஆனால் எனக்குப் புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. நான் எந்த ஊர் என்று தெரியாது. கேட்டதே இல்லை. நம் பக்கத்தில் கடலூரில் பஸ் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரி ஆலப்பாக்கம் வருவதற்குள் நம் பிள்ளைகள், சம்பந்திகள், கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பி.முட்லூரில் இறங்கும்போது ஒரு வரனும் சொல்லிவிட்டுப் போவாள். அப்போது அது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. இப்போது இது தொல்லையாக இருக்கிறது. எனக்கு எதுதான் பிடிக்கும் என்று கலை கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அவர்கள் வேலைக்கும் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருந்து சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு சமையல் வேலைக்குப் போகிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஊரில் நான் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வருவது புரியாது. நாங்கள் புவனகிரிப் பக்கம், காலனிக்காரர்கள். எனக்கு முதலில் வேலை கிடைத்தது ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். சேர்ந்த அன்று சாம்பார் வைத்தேன். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டன. நாலைந்து நாளில், சமைக்கிறவள் எந்தத் தெரு என்று வீடுகளில் விசாரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தது. ஆக்கி வைத்த சோறு அண்டாவில் அப்படியே இருந்தது. வாத்தியார் நல்லவர்தான். "மனசுல ஒன்னும் வெச்சிக்காதம்மா" என்று சொல்லி, எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கே என்னை மாற்றச் சொல்லி எழுதிவிட்டார். கடைசிவரை அங்கேயே சமைத்தேன். எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் அந்த அண்டா என் கண்ணை விட்டுப் போகவில்லை. யார் ஆக்கியது என்று பார்க்காமல் அடுத்தவர்கள் ஒரு தரம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்றில் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கலை கூட்டிப் போனாள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்பதால் மகள் கூட உட்காரட்டும் என்று சம்மதித்தார்கள். கேள்வி கேட்டவர் லிண்டா என்கிற அம்மா. நான் முந்தின நாளே எல்லாப் பதிலையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் வயது, புருஷன் போய்ச் சேர்ந்தது, எத்தனை பிள்ளைகள், ஏன் ஆண் பிள்ளை இல்லை, ஏன் மகள் வீட்டில் இருக்கிறேன் என்பது வரை. இண்டர்வியூ என்றால் அதைத்தானே கேட்பார்கள்?

எனக்குத் தெரிந்த இண்டர்வியூ கலையுடையதுதான். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, கடலூரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிவந்துபோன முகத்தோடு வந்தாள்.

"என்னாடி கேட்டாங்க?"

"கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். எப்ப ஆவும்னாங்க. ஆனா வேலைய வுட்டுடுவியான்னாங்க. அப்பா என்னா பண்றாரு, சொந்த வூடா, புவனகிரின்னா புவனகிரில எந்த எடம்னாங்க."

"கம்ப்யூட்டரப் பத்தி?"

"அத எங்கம்மா கேட்டாங்க."

அந்த வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் அவளைத் தேற்றத் தெரியாமல் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

இங்கே லிண்டா அம்மா கேட்டது என்ன தெரியுமா? "கூட வேலை செய்கிற ஒருவரோடு உங்களுக்குக் கருத்து வேறுபாடு வந்திருந்தால், அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?" கலை தமிழில் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்து முதல் கேள்வியாகக் கேட்கிற கேள்வியா இது?

"சண்டையே போட்டதில்லன்னு சொல்லுடி. எனக்கு அறுபத்தொன்னு ஆவுது, அப்பா போய்ச் சேந்துட்டாரு, பொறுப்பா இருப்பன்னு சொல்லு."

"அம்மா, வயசையெல்லாம் அவுங்க கேக்கக் கூடாது."

"அவுங்க எங்கடி கேட்டாங்க? நான்தான சொல்றேன்."

"நீயும் சொல்ல வேணாம். நான் சொல்ல மாட்டேன்."

பெற்ற மகளே வாயை அடைத்தால் நான் என்ன செய்வேன்? நானே ஆரம்பித்தேன். "மை ஏஜ் சிக்ஸ்டி ஒன். ஹஸ்பண்ட் நோ மோர். முட்டி லிட்டில் பெயின்" என்று முழங்காலைத் தொட்டும் காட்டினேன். லிண்டா அம்மா பதறிப்போய் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே உயர்த்தி, "நோ, நோ, ப்ளீஸ்" என்றார். அந்தக் கையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அப்படிக் கையைக் காட்டினால் அங்கேயே நில், கிட்டே வராதே என்று அர்த்தம். அதற்குப் பிறகு, கனமான பாத்திரத்தைத் தூக்க முடியுமா என்று கேட்டார். அதைக் கேட்கலாமாம், அது வேலையைச் சேர்ந்ததாம். முட்டி வலியைச் சொன்ன வாயால் "எஸ்" என்றேன். கலை தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவளே லிண்டா அம்மாவிடம் இங்கிலீஷில் ரொம்ப நேரம் ஏதோ பேசினாள்.

வெளியே வந்ததும் விளக்கினாள். வயசு, கல்யாணம், பிள்ளை, மதம், பிறந்த நாடு, இனம் இதையெல்லாம் வேலைக்கு வருகிறவரிடம் முதலாளி கேட்பது இங்கே சட்டப்படி கூடாதாம். அதை வைத்து வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பதால்தானாம். "நான் இப்ப இருக்கற வேலைக்கு மூணு மாசம் முழுகாம இருந்தப்பதாம்மா போனேன். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல" என்றாள். எனக்குப் பாதிதான் மண்டையில் ஏறியது. ஒன்றுமே கேட்காமல் என்னை எப்படித் தெரிந்துகொள்வார்கள்? கருத்து வேறுபாட்டை வைத்தா? அந்த வேலை போனது போனதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கலைக்குத் தெரியாமல், கடைத்தெருவில் பார்த்து வைத்திருந்த ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கு நானே போனேன். கல்யாணம் காதுகுத்துக்குச் சமைத்துக் கொடுக்கிற கடை. உள்ளே போனதும் என் பேச்சைக் கேட்டே கடைக்காரத் தம்பி முகமெல்லாம் சிரிப்பானான்.

"அக்கா, நீங்க நம்ம பக்கமா? நமக்கு மேல்பட்டாம்பாக்கம்!"

"நான் புவனகிரி, தம்பி."

"அட! எங்க சின்ன மாமா புவனகிரிலதான் பொண்ணெடுத்தாரு. உக்காருங்கக்கா. டீ குடிங்க. மாமா என்னா பண்றாரு? இல்லையா, அடப்பாவமே. புள்ளைங்க? ஒரே பொண்ணா? வயசு என்னாக்கா, அம்பத்தஞ்சு இருக்குமா?"

அடேயப்பா, எத்தனை நாள் கழித்து! மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. வெள்ளாற்றைப் பேசினோம், சிதம்பரம் ரோட்டை இடித்துப் போட்டிருப்பதைப் பேசினோம். எனக்கு நாக்கு ஒட்டவே இல்லை. கையோடு ஒரு குழம்பு வைத்துக் காட்டச் சொன்னான். ஐஸில் கல்லாகக் கிடந்த வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு என்னால் ஆனதைச் செய்தேன். நின்றபடியே சாப்பிட்டான். தட்டை விரலால் வழித்தான்.

"யக்கா, கிள்ளைல எங்க அத்த வூட்டு மடவ மீன் கொழம்பு கெட்டுது போங்க. திங்கக்கெழமையே வந்துடுங்க. நம்ம ஊர்க்காரங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்றவன், விரலை நக்கிக்கொண்டே, "ஆமா, புவனகிரில எந்தப் பக்கம்?" என்றான்.

"பாலத்துக்கு இந்தாண்ட."

"இந்தாண்டன்னா? கோயில் தெருவா?"

"இல்ல."

"மெயின் ரோட்டு மேலயா? எந்தத் தெருக்கா?"

பாலத்துக்குக் கிட்ட, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சமாளித்தவள் நான். இவ்வளவு தூரம் ஏரோப்ளேனில் வந்தும் அதையே சொல்ல வேண்டுமா என்று சலிப்பாக வந்தது. "காலனி, தம்பி" என்றேன்.

சிரிப்பு போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். சிரித்தபடியே போய்க் கையைக் கழுவினான். சோப்புப் போட்டுக் கழுவினான்.

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாருக்கா பாக்குறா? நான் சுத்தமா பாக்க மாட்டேன். ஆர்டர் குடுக்கறவங்கதான் ஒரு மாதிரி. கிச்சனுக்குள்ளயே வந்து யாரு சமையல், எந்த ஊருன்னு கேப்பாங்க. நீங்க ஒன்னு பண்ணுங்க, பாத்திரம் வெளக்குற பக்கம் பாத்துக்குங்க. சம்பளம் அதேதான்."

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. "சட்டில மீதிக் கொழம்பு இருக்கே தம்பி, அத என்னா பண்ணப் போற? கஸ்டமருக்குக் குடுப்பியா, கொட்டிடுவியா?"

அவன் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மூடி போட்டு, என் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பனி கொட்டுகிறது. பஸ்ஸில் மடியில் மீன் குழம்புச் சட்டி. பஸ் முழுக்க வாசனை. முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். ஒருவராவது, என்னம்மா அது என்று கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. கேட்டவனிடமிருந்தும் தப்பித்து, கேட்காதவர்கள் நடுவில் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் குழம்பைத்தான் ஊற்றினேன். எங்கிருந்து சட்டி வந்தது என்று கலை கேட்டாள், சொன்னேன். பாதித் தட்டில் எழுந்துவிட்டாள்.

"கம்ப்ளெய்ன்ட் குடுக்கறேன். இங்க சட்டம் இருக்குது."

"என்னான்னு குடுப்ப?"

"எந்தத் தெருன்னு கேட்டான்னு."

"அத இங்கிலீஷ்ல எழுதிப் பாரு. அட்ரஸ் கேட்டான்னு நெனச்சிப்பாங்க. அட்ரஸ் கேட்டதுக்கா இந்தக் கெழவி அழுவுறான்னு சிரிப்பாங்க."

அவள் மறுபடியும் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். கடலூர் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த அதே முகம். முறுக்கு வாங்கிக் கொடுக்க இங்கே பஸ் ஸ்டாண்டும் இல்லை. "அன்னிக்கு லிண்டாகிட்ட என்னமோ ரொம்ப நேரம் பேசுனியே, என்னாடி சொன்ன?" என்று பேச்சை மாற்றினேன்.

"அவ்ளோ புள்ளைங்களுக்கு நீ ஆக்கிப் போட்டத சொன்னேன். அதுங்க சாப்புடாம போனத சொல்லல. அத அவுங்க தெரிஞ்சிக்க வேண்டியதில்ல."

அடுத்த வாரம் விடுதியிலிருந்து போன் வந்தது. வேலை எனக்குத்தான். என்னைப் பற்றி ஒன்றுமே கேட்காதவர்கள், கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். அந்த உள்ளங்கை என்னைத் தள்ளி நிறுத்தவில்லை, என் வாயிலிருந்து எனக்கே கெடுதல் வந்துவிடாமல் தடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நமக்கு நல்லது செய்கிறவர்கள் கொஞ்சம் விளங்குகிற மாதிரி செய்யக் கூடாதா!

இப்போது உருளைக்கிழங்கு மசிக்கிறேன், காரமே இல்லாத சூப்பு வைக்கிறேன். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிண்ணங்கள் காலியாகத் திரும்பி வருகின்றன. முதல் நாள் அந்தக் காலிக் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். லிண்டா அம்மா வந்து ஏதாவது உடம்பு சரியில்லையா என்று கேட்கவும் முடியாமல், கேட்காமலிருக்கவும் முடியாமல் தவித்தார். என் ஆசை நிறைவேறிவிட்டது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டையில் குத்தியிருக்கிற பெயரைத் தவிர அங்கே ஒருவருக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. புவனகிரி என்ற சொல்லை வாயால் சொல்லி எவ்வளவு நாளாகிறது!

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் கலையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், படிக்க வந்தவள் போலிருக்கிறது, திரும்பிப் பார்த்து, "அம்மா, தமிழா? எந்த ஊரும்மா நீங்க?" என்றாள். எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. "புவனகிரி! சிதம்பரம் பக்கம்!" என்றேன். "நான் கடலூரும்மா" என்று கையைப் பிடித்தாள். பிடித்த கையை நான் இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவள் அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

சட்டத்தைப் பற்றி எழுதியதெல்லாம் கலை சொல்லக் கேட்டது. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம், விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, எந்தத் தெரு என்று தமிழில் கேட்பது அந்தச் சட்டத்தில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சட்டம் எழுதுகிறவர்களுக்கு விளக்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த ஊர் என்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அதை யாராவது என்னிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.