ஏழாம் நம்பருக்கு யார்?

நம்பினால் நம்புங்கள். ஜெனிஃபர் சொன்னதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் கம்ப்யூட்டர் அறையில் ஜெனிஃபருக்கு வேலை. மாடியில் ஐசியூவில், ஏழாம் கட்டிலில், அவள் அப்பா சைமன். பார்க்க விடுவது நாலு மணிக்குத்தான். அதுவரை சர்வரையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். ஜனவரி ஞாயிறு, மதியம் 2:20.

ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு புரோகிராம். நோயாளி போனால் அதுவும் முடியும். முடிந்ததா என்று, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த தாய் புரோகிராம் கேட்டால்தான் திரையில் உள்ள பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். அந்தத் தாயின் எண் ஒவ்வொரு வரியிலும் இருக்கும். கேட்காவிட்டால் செத்தும் பட்டியலிலேயே நிற்கும். அதற்கு ஜாம்பி என்று பெயர்.

அன்று பன்னிரண்டு ஜாம்பிகள். கொல்லும் கட்டளை கொடுத்தாள். ஒன்றும் அசையவில்லை. செத்ததை எப்படிக் கொல்வது? தாயை நிறுத்தினால் போய்விடும். ஆனால் எல்லாக் கட்டில் அலாரமும் நின்றுவிடும். அப்பாவுடையதும்தான். கை வரவில்லை.

எது எப்போது முடிந்தது என்று பார்த்தாள். பதினொன்று பழையவை. கடைசி வரி... ஏழாம் கட்டில். முடிந்த நேரம் 2:47.

சுவர்க் கடிகாரத்தில் 2:38.

வார்டுக்குப் போன் செய்தாள். எங்கேஜ்டு. மறுபடியும்... எங்கேஜ்டு. ஓடினாள். லிஃப்ட் வரவில்லை. ஆறு மாடி, படியில்.

ஐசியூ வாசல். 2:47.

கதவு க்ரீச்சென்று திறந்தது. காவலாளி தலையை நீட்டினான்.

"சாத் நம்பர் கே சாத் கௌன் ஹை?"

ஏழாம் நம்பருக்கு யார் என்று கேட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கௌன் ஹை?"

"மே ஹூ, பையா..." நான்தான் அண்ணா என்று அழுதாள்.

பின்னாலேயே நர்ஸ் லீலாவதி வந்தாள். "நீ ஏன்டி அழற? உங்கப்பாவ காலையிலயே மூணாம் கட்டிலுக்கு மாத்தியாச்சே. நல்லா இருக்கார். ஏழுல இருந்தது, ரோட்டுல கிடந்து வந்தவர். கேட்க ஒரு ஆள் இல்ல, பாவம். இப்பத்தான் போனார்."

ஜெனிஃபருக்கு உயிர் வந்தது. கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

3:10. திரையில் ஏழாம் கட்டில் வரி இல்லை. அதற்குத்தான் 'நான்' என்று ஒரு ஆள் வந்துவிட்டதே.

மற்ற பதினொன்றும் இருந்தன.

மறுநாள் காலை மனசு கேட்காமல் பிணவறைக்குப் போன் செய்தாள். யாரும் வந்து கேட்காத உடல்கள் எத்தனை?

"க்யாரா, மேடம்." பதினொன்று.

பிணவறை ஆள் கட்டில் எண்களையும் படித்தான். திரையில் இருந்த அதே எண்கள், ஒன்றுகூட மாறவில்லை.

திரையைப் பார்த்தாள். பதினொரு வரியிலும் தாயின் எண் மாறியிருந்தது...

அது ஜெனிஃபரின் லாகின் எண்.