அப்பா தோளில் ஒரு கை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய போட்டோ பிரேம் கடையில் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், இறந்துபோன அப்பாவைப் பூஜையறையில் சாமியாக்க வந்திருக்கிறார். உயிரோடிருந்தபோது அப்பாவைப் படமெடுக்க அவருக்கு நேரமில்லை. கிடைத்த ஒரே போட்டோவில் பக்கத்திலேயே சித்தப்பாவும் நிற்கிறார். அந்தச் சித்தப்பாவோடு கோர்ட்டில் சொத்து வழக்கு நடக்கிறது. ஆளை வெட்டியாயிற்று, அப்பா தோளில் போட்ட கை மட்டும் மிச்சம்.

“அண்ணாச்சி, இந்தக் கையையும் எடுத்துருங்க. தெனமும் இதையுமா கும்புட?”

“எடுத்தா அப்பா தோளும் போயிரும். மாலையப் போட்டு மறைச்சிருங்க,” என்கிறார் கடைக்காரர்.

“பூமாலை சாயங்காலமே வாடிருமே?”

“பிளாஸ்டிக் மாலை இருக்கு. பேரன் காலம் வரைக்கும் தாங்கும்.”

பக்தியோடு வாங்கிக்கொள்கிறார். வழக்கும் அதுவரை தாங்கும்.