இரண்டு லாரி, ஒரு ரிக்

போன வாரம் எதிர்வீட்டில் போர் போட்டார்கள். ஈரமான கல்மாவு வாசம் ஜன்னல் வழியாக வந்து, காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அந்த வாசத்தில் கம்ப்யூட்டர் மொழியான ஜாவா படித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனி ஆபீசில் அப்போது எனக்கு வேலை. போர் போடும் ரிக்குகள் ஒரிசா, மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ ஓடும். அங்கிருந்து வரும் போனை எடுத்து, சொல்வதைக் கரும்பலகையில் எழுத வேண்டும். நான் கூச்ச சுபாவம். மணி அடித்தால் இரண்டு தடவை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அந்தப் பக்கம் இயந்திர இரைச்சலில் ஆள் கத்துவார், இந்தப் பக்கம் நானும் கத்த வேண்டும். எழுதியதை யாராவது முழங்கையால் அழித்துவிட்டுப் போவார்கள். திட்டு எனக்கு.

ஒருநாள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எந்த ரிக்குக்கு எத்தனை டயர், எப்போது மாற்றியது, எல்லாம் அதில் தெரிய ஒரு புரோகிராம் எழுத வேண்டும் என்றார்கள். “நான் செய்யறேனுங்க” என்று சொல்லிவிட்டேன். பிளஸ் டூவோடு நின்றவள். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. மேனேஜர் குப்புசாமி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொங்கலுக்குள்ள செஞ்சு காட்டு அம்மிணி. சரியா வந்தா கம்ப்யூட்டர் சீட்டு உனக்கு. இல்லாட்டி ஈரோட்டுல இருந்து படிச்ச ஆளைக் கூட்டியாந்துருவேன். நீ போனையே பாரு.”

நான் ஜாவா படிக்கச் சேர்ந்த கம்ப்யூட்டர் சென்டர் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. தேங்காய் பன் வேகும் வாசத்தில் பசியோடு படித்த படிப்பு அது. சொல்லிக்கொடுத்த கவிதா என்னைவிடப் பத்து வயது இளையவள். கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் என்பது அந்த அச்சில் வார்த்த பொருள் என்பாள். புத்தகத்தில் விலங்கு, நாய், பூனை என்று போட்டிருந்தது. நாயிலிருந்து டயருக்கு எப்படிப் போவது என்று புரியவில்லை. சுற்றிலும் காலேஜ் பெண்கள். சந்தேகம் கேட்க வாய் வராது.

அதனால் பஸ்ஸில் வரும்போது ரிக்கை வைத்து எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். புது ரிக் வந்தால் மாலை போட்டு, சந்தனம் வைத்து, நம்பர் எழுதி, எலுமிச்சம்பழம் நசுக்காமல் வாசலைத் தாண்டாது. அந்தப் பூஜைதான், புது ஆப்ஜெக்டை உண்டாக்கும் கன்ஸ்ட்ரக்டர். பிரைவேட் என்று குறித்த விவரம் என்றால் யார் முழங்கையும் படாத கரும்பலகை. ஒருநாள் இதைக் கவிதாவிடம் மெல்லச் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

“பரீட்சையில இப்படி எழுதிராதீங்கக்கா. ஆனா சரிதான்.”

பிறகு இன்ஹெரிட்டன்ஸ் வந்தது. அப்பா கிளாஸில் இருப்பதெல்லாம் பிள்ளை கிளாஸுக்கும் தானாக வரும். நான் லாரி என்று ஒரு கிளாஸ் எழுதினேன்: பதிவு எண், டிரைவர், பத்து டயர். ரிக்கை அதற்குப் பிள்ளையாக்கினேன். எவ்வளவு சுருக்கமாக முடிந்தது என்று பெருமையாக இருந்தது.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு காட்டினேன். குப்புசாமி அண்ணன் பக்கத்தில் உட்கார, பின்னால் இரண்டு டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நம்பர் ரிக்கை அழுத்தினேன். பத்து டயர் என்று வந்தது.

“ஏனம்மிணி, கம்ப்ரசர் லாரி டயரில்லாமயே மெதந்து போயிருமா?” என்றார் அண்ணன்.

“அதுலதான் காத்து நெறைய இருக்குதுங்களே” என்றார் ஒரு டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் ரிக்குகள் ஜோடியாகத்தான் போகும். துளை போடும் இயந்திரத்தை ஏற்றிய லாரி முன்னால், காற்றடிக்கும் கம்ப்ரசரை ஏற்றிய லாரி பின்னால். இரண்டும் சேர்ந்தால் ஒரு ரிக், ஒரே நம்பர். வருஷக்கணக்காகப் பலகையில் அப்படியே எழுதிய கை, புரோகிராமிலும் இரண்டை ஒன்றாக்கிவிட்டது.

“சரி, ஈரோட்டுக்காரனை வரச் சொல்லிரலாம்” என்று அண்ணன் எழுந்தார். காது சுட்டது. வேறு நாளாக இருந்தால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கண்ணா. ரிக்கு லாரியோட புள்ளை இல்லீங்க. ரிக்குதான் ரெண்டு லாரியை வெச்சிருக்குது. நான் மாத்தி எழுதிப்போட்டனுங்க.”

“என்னமோ சொல்ற. அஞ்சு மணி வரைக்கும்தான்.”

ரிக்கைப் பிள்ளை இடத்திலிருந்து எடுத்தேன். அதற்குள் லாரிகளின் லிஸ்ட் ஒன்று வைத்தேன். ஒரு இடத்தில் மாற்றினால் பத்து இடத்தில் தப்பென்று சிவப்புக் கோடு விழுந்தது. போன் அடித்தது, எழுந்திருக்கவில்லை. குப்புசாமி அண்ணனே போய் எடுத்துக் கத்தினார். ஐந்து மணிக்கு அழுத்தியபோது இரண்டு லாரியும் வரிசையாக, தலைக்குப் பத்து டயரோடு வந்து நின்றன. அவர் நம்பவில்லை. ஷெட்டில் நின்ற ரிக்குக்கு ஒரு டிரைவரை அனுப்பி எண்ணிவரச் சொன்னார். “இருவதுங்க” என்று குரல் வந்தது.

“இனிப் போனுக்கு வேற ஆளைப் பாக்கோணும்” என்றார். அதுதான் அவர் தந்த பாராட்டு.

கவிதா கல்யாணமாகி ஊரை விட்டுப் போய்விட்டாள். சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. நான் இன்னும் அந்த சீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் கம்பெனியில் இப்போது வாங்கும் ரிக்குகளில் கம்ப்ரசரும் அதே லாரியில் ஏறிவிடுகிறது. கடைசி ஜோடியைப் போன வருஷம் விற்றுவிட்டார்கள். இதற்காக நான் புரோகிராமில் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. லிஸ்டில் ஒரு லாரி மட்டும் இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். எந்த ரிக்கை அழுத்தினாலும் திரையின் முதல் வரியில் ஒரு லாரி வருகிறது. பின்னால் வரும் லாரிக்கு அன்று மாலை நான் ஒதுக்கிய இரண்டாவது வரி, காலியாகவே நிற்கிறது.