சித்தியின் வண்டிக்குச் சித்தப்பா செய்த உபகாரம்

எங்கள் சித்தி பல்செட் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தவள் என்று அவளைக் கேலி செய்வோம். எதையும் தேய்த்து மெருகேற்றாமல் அவள் கை சும்மா இருக்காது.

ஐம்பது வயதில் அவள் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். புகைக்குழாய் முழுக்க எவர்சில்வர். முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைத் துடைத்துவிட்டாள். கை பட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கு சூட்டில் வெந்துவிட்டால் விரல் ரேகை கறையாகவே நின்றுவிடுமாம். கடல் பக்கத்தில் இருக்கும் ஊர், காற்றிலேயே உப்பு. அதனால் வெளியே போய் வந்தால், குழாய் ஆறும்வரை காத்திருந்து நல்ல தண்ணீரில் கழுவுவாள். பிறகு என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு ஈரத்தை உலர்த்துவாள். அதற்குப் பிறகுதான் உறை போடுவாள்.

சித்தப்பாவுக்கு பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கும் வேலை. இளவயதில் ஒருமுறை விழுந்ததிலிருந்து இரண்டு சக்கர வண்டி என்றாலே அவருக்கு உதறல். சித்தி எவ்வளவு கூப்பிட்டும் பின்னால் ஏறியதே இல்லை. ஆனால் அவள் வண்டியைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்ப்பது தெரியும். அவள் ஊரில் இல்லாத ஒரு நாள், தன் பங்குக்கு ஏதாவது செய்யலாமே என்று, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை எடுத்துக் குழாயைப் பரபரவென்று தேய்த்துவிட்டார். அன்று பளபளவென்றுதான் இருந்தது. அடுத்து வந்த மழையில் குழாய் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், அம்மை போட்டது மாதிரி.

சித்தி குனிந்து பார்த்தாள். சித்தப்பா திருதிருவென்று விழித்தார்.

"நல்லா இருக்கட்டுமேன்னுதான் தேய்ச்சேன்."

"இது குழாயோட துரு இல்லைங்க. நாரோட தூள் அதுல ஒட்டிக்கிட்டு துருப்பிடிச்சிருக்கு" என்றாள் சித்தி. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. மெருகுப் பசையை மெல்லிய துணியில் தொட்டு, ஒரே வாக்கில் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக எடுத்தார்கள். சில கீறல்கள் மட்டும் போகவில்லை.

"இதுக்குத் தண்டனை உண்டு. ஞாயித்துக்கிழமை என் பின்னால உக்காந்து கடற்கரைக்கு வரணும்."

குற்றவாளி மறுக்க முடியுமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாலத்தின் மேல் கடல் காற்று முகத்தில் அடித்தபோது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ரப்பர் கருகும் நாற்றம் வருகிறதே என்று சித்தி கேட்டதற்கு, முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்றார். கடற்கரையில் இறங்கும்போதுதான் தெரிந்தது. பயத்தில் பாதத்தைக் குழாய்மேல் அழுத்தியபடியே வந்திருக்கிறார். செருப்பின் அடிப்பாகம் உருகி, குழாயில் கறுப்பாக அப்பியிருந்தது. சித்தி மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சித்தப்பா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கிச் சொன்னார்: "திரும்பிப் போகும்போது மெதுவா போ. அந்தப் பாலத்து மேல மட்டும்... வேணும்னா கொஞ்சம் வேகமா போ."

உருகிய ரப்பரை மறுநாள் சித்தி மரக்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தாள். சித்தப்பா தோல் செருப்புக்கு மாறினார். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

போன மாதம் நான் போனபோது வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் குந்தியிருந்தார்கள். என்ஜினை ஒட்டிய வளைவில் சூட்டால் நீலம் படர்ந்திருந்தது. சித்தி கையில் பசையும் துணியும்.

"இருக்கட்டும் விடு. அழகாத்தானே இருக்கு" என்றார் சித்தப்பா.

சித்தி தலையைச் சாய்த்து அதையே பார்த்தாள். "சரி, இந்த வாரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பசை டப்பாவை மூடினாள்.