முனி தின்ற காப்பரிசி

மலாயாவில், கெர்லிங்குக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் ஒன்பது மாதம் பால்மரம் வெட்டினேன்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. எங்கேயும் நிலையாகத் தங்காத எனக்கு அது நீண்ட காலம். வெள்ளைக்காரன் அறிவித்த அவசர காலம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும் எங்களைக் கேட்டில் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. விடியலில் குடித்த கோப்பியோடு, மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுக்கும் வரை தாங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

கம்பி போட்டதில், மரத்தடியில் கல்லாக நின்ற காவல் சாமி முனீஸ்வரர் வெளியே மாட்டிக்கொண்டார். எனக்கு அடுத்த மரங்களை வெட்டிய அக்கா, புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குக் காப்பரிசி படைப்பாள். ஊறவைத்த பச்சரிசியும் வெல்லமும். கம்பி வந்த பிறகும் நிறுத்தவில்லை. சின்ன முடிச்சாகக் கட்டிக் கொண்டைக்குள் மறைத்துக் கொண்டுபோவாள். கல்லின் முன் இலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும் என்பது அங்கே முறை. அவள் போன பிறகு நான் போய்த் தின்பேன். மூன்று மாதம் தின்றேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் ஞாயிறு மத்தியானம் மாரியம்மன் கோயிலில் புராணம் வாசிக்க என்னைத்தான் உட்காரவைப்பார்கள். ஒரு ஞாயிறு யுகங்களின் கதை வந்தது. தர்மம் காளையாக நான்கு காலில் நின்றது, யுகத்துக்கு ஒரு கால் போய், கலியில் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று வாசித்தேன்.

“அந்த ஒரு காலையும் நம்ம மண்டோரு முறிச்சிட்டாரு லா,” என்றார் ஒருவர். எங்களை வேலை வாங்கும் மண்டோரும் சிரித்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “கலி இங்க முழுசா வந்துடல. நம்ம முனி இன்னும் வந்து சாப்புடுறாரு. இலையில ஒரு மணி மிச்சமிருக்காது,” என்றாள்.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த வெள்ளியன்று கேட்டில் சோதனை போட்ட பெண் அக்காவின் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். முடிச்சு கீழே விழுந்தது.

“யாருக்கு இது?” என்றார் போலீஸ்காரர். அவரும் தமிழர்தான்.

“முனிக்கு.”

“காட்டுல இருக்கிற முனியா? காலி இலைங்கள நாங்களும் பார்த்தோம். யாரு தின்னது?”

“முனிதான் சாமி. வேற யாரு?”

அவள் முழு நம்பிக்கையோடு சொன்ன அந்தப் பதில்தான் அவளைக் கெடுத்தது. லோரியில் ஏறச் சொன்னார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. சிலரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டதாகப் பேச்சு.

“நான்தான் தின்னேன்,” என்றேன்.

“பெரிய வீரன்! என்ன சாட்சி?”

“போன வாரம் வெல்லம் போடல. தேங்காய்ச் சில்லும் எள்ளும்தான் இருந்துச்சு.”

போலீஸ்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்லம் கிடைக்காமல் அந்த வாரம் அப்படிப் படைத்தது அவளுக்கும் முனிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆமென்று தலையை ஆட்டினாள்.

அவளை எச்சரித்து அனுப்பினார்கள். லோரியில் நான் ஏறினேன். நான்கு நாள் வைத்து, அறைந்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தின்றேன் என்பதைத் தவிர சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. ஐந்தாம் நாள் விட்டார்கள். எஸ்டேட்டில் இனி வேலை இல்லை என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார்.

பெட்டியை எடுக்கப் போனபோது அக்கா லயத்து வாசலில் நின்றாள்.

“மூணு மாசமும் நீதானா?”

“ஆமாக்கா.”

“ஒரு வாரம்கூட அவரு வரலயா?”

“நான் விட்டு வைக்கலக்கா.”

“நாய் தின்னுச்சுன்னு சொல்லியிருக்கலாமேடா. நாய்னா நான் நம்பியிருக்க மாட்டேன், முனிதான்னே இருந்திருப்பேன்.” அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். “உன்னாலதான் புள்ளைங்களுக்கு நான் இருக்கேன். அதான் உன்ன ஏசாம நிக்கிறேன்.”

நான் பெட்டியைத் தூக்கினேன்.

“புஸ்தகம் படிக்கிறவன்தானே, நீயே சொல்லு. இந்த வெள்ளி நான் யாருக்குப் படைக்கிறது?”

சுங்கை பெசாரில் நெல்லறுப்புக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். கேட்டைத் தாண்டும்போது என்னையும் தடவிப் பார்த்தார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை.