பயிற்சிச் சான்றிதழும் வாயில் பதிவேடும்

பணியிலிருந்த காலம் முழுவதும் பிறருடைய சான்றிதழ்களைச் சரிபார்ப்பதே எனக்குத் தொழிலாக இருந்தது. முத்திரையின் வட்டம் எங்கே மங்குகிறது, கையெழுத்து எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார்த்துப் பழகிய கண், ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. காலையில் பாசுரங்களைச் சொல்லி முடித்து எழும்போது உள்ளம் கனிந்துதான் இருக்கும். ஆனால் யாரேனும் ஒரு தாளை நீட்டிவிட்டால் அந்தக் கனிவு போன இடம் தெரியாது. சேலையூரில் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதை அறிந்தேதான் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வாயிலில் இருவர் காவல். பகலில் முப்பது வயதை நெருங்கும் ஒருவர். இரவில் ஐம்பதைக் கடந்த ஒருவர். இருவரும் ஒரே ஏஜென்சியின் ஆட்கள். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே இரண்டு விதிகளை எழுதிக் காவல் அறையின் சுவரில் ஒட்டினேன். மாற்று ஆள் நிற்கக் கூடாது. ஒருவரே இரண்டு ஷிப்ட் பார்க்கவும் கூடாது. காவலில் இருப்பவர் மணிக்கு ஒரு முறை பதிவேட்டில் நேரத்தைக் குறித்துத் தம் பெயரில் கையெழுத்திட வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தேன். வாரந்தோறும் அந்தப் பதிவேட்டைப் படித்துப் பச்சை மையில் ஒப்பமிடுவேன்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பகல் காவலர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வண்டலூரில் அவர் முன்பு படித்த பயிற்சி நிலையத்திலேயே சூப்பர்வைசர் வகுப்பு தொடங்கப் போகிறதாம். அதில் சேர, இரண்டு ஆண்டு காவல் பணி பார்த்ததாகச் சங்கத்தின் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அந்தச் சான்றிதழ் கிடைத்தால் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவருக்குச் சூப்பர்வைசர் வேலை காத்திருந்தது. இந்த முறை தவறினால் அடுத்த வகுப்பு எப்போது என்று எவருக்கும் தெரியாது. மருத்துவமனையும் அதுவரை காத்திராது.

"எவ்ளோ நாள் சார் கேட்லயே நின்னுகினு இருக்கறது? சூப்பர்வைசர் ஆனா உக்கார ஒரு சேராச்சும் குடுப்பாங்க" என்றார்.

தம் பழைய சான்றிதழின் நகல் ஒன்றையும் கொடுத்தார். காவலர் எவரும் பெற்றிருக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் அது. நூறு மணி நேர வகுப்பு. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக, காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டரை வரை, இருபது நாள். தேதிகளைப் பார்த்தால், அவர் எங்கள் வாயிலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்த வகுப்பு. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் எனக்குச் சந்தேகம் பிறந்துவிட்டது. அந்த இருபது நாளும் நம் வாயிலில் நின்றவர் யார்?

பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணிக்கும், அவருடைய பெயரிலேயே கையெழுத்து இருந்தது. பத்து மணிக்கு இருந்தது, நண்பகலில் இருந்தது, இரண்டு மணிக்கும் இருந்தது. ஒவ்வொரு வாரத்தின் கீழும் என் பச்சை மை. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் வண்டலூர் வகுப்பிலும் சேலையூர் வாயிலிலும் இருக்க முடியாது. சான்றிதழ் விலைக்கு வாங்கியது என்று அப்போதே முடிவு கட்டினேன். இப்படிப்பட்ட தாள்களை எத்தனையோ பார்த்தவன் நான். அன்று மாலை கீழே போனபோது அவர் வைத்த வணக்கம்கூட எனக்குச் சற்று மிகையாகத் தோன்றியது.

புதன்கிழமை தாம்பரத்தில் மின்ரயில் ஏறி வண்டலூர் சென்றேன். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அந்த நிலையம் இருந்தது. கூடத்தில் முப்பது பேர் நின்றார்கள். பாதிப்பேருக்குச் சீருடை அளவு பொருந்தவில்லை. கரும்பலகையில், 'முதலில் ஆளைப் பார், பிறகு அட்டையைப் பார்' என்று எழுதியிருந்தது. பயிற்சியாளர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார். என் அடையாள அட்டையைக் கேட்டு, என் முகத்தோடு இரு முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்னை அமரச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நகலை நீட்டி, இவர் உண்மையில் இங்கே படித்தவரா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கணினியில் தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். நாள்தோறும் வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எடுத்த படங்கள், தேதியோடும் நேரத்தோடும் இருந்தன. இருபது நாளிலும் எங்கள் காவலர் இருந்தார். ஒரு படத்தில் தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பிடித்திருந்தார். மற்றொன்றில் தரையில் படுத்திருந்த ஒருவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்கூட லேட்டா வரல சார், நல்ல பையன். ஏன் கேக்கறீங்க, எதுனா பிரச்சனையா?" என்றார் பயிற்சியாளர்.

ஒன்றுமில்லை என்று எழுந்து வந்தேன். திரும்பும் ரயிலில் வாய் வழக்கம்போல் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் பதிவேட்டிலேயே நின்றது. சான்றிதழ் மெய்யென்றால் பதிவேடு பொய். அதாவது, இந்த மனிதர் ஏஜென்சியையும் சங்கத்தையும் ஒருசேர ஏமாற்றியிருக்கிறார். யாரோ முகம் தெரியாத ஒருவனை நம் வாயிலில் நிறுத்தியிருக்கிறார். வீடு வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். எட்டு மணிக் கையெழுத்தும் மூன்று மணிக் கையெழுத்தும் வலப்புறம் சாய்ந்திருந்தன, இடையிலுள்ளவை நிமிர்ந்திருந்தன. குழந்தைகூடக் கண்டுபிடிக்கக் கூடிய வேறுபாடு. அதன் கீழேதான் நான் ஒப்பமிட்டிருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரவுக் காவலர் வீட்டுக்குப் புறப்படும்போது அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். அந்த இருபது நாள் பகலில் இங்கே நின்றது யார்?

"நான்தான் சார் நின்னுகினு இருந்தேன்" என்றார், எந்தத் தயக்கமும் இல்லாமல். "எட்டரைக்குக் கெளம்பினான்னா மூணுக்குள்ள வந்துடுவான். அதுக்கப்புறம் நான் போய்ப் படுப்பேன்."

"அவர் பெயரில் ஏன் எழுதினீர்கள்?"

"நீங்கதான் சார் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க, ஒருத்தரே ரெண்டு ஷிப்ட் பாக்கக் கூடாதுன்னு. என் பேர எழுதினா மாட்டிப்பேன். ஏஜென்சி கிளாஸுக்குப் போன்னுச்சு, ஆளு குடுக்கல. தம்பி இன்னா பண்ணுவான்?"

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? தெனம் கோயில்லேந்து வந்து சுண்டல் குடுப்பீங்களே, இருவது நாளும் என் கைலதான குடுத்தீங்க. தெரிஞ்சும் கண்டுக்காம போறாரு, பெரிய மனசுன்னு நாங்க பேசிக்கினோம்."

தினமும் பத்து மணிக்குச் செம்பாக்கம் ஏரிப் பக்கமுள்ள கோயிலுக்குச் சென்று, உச்சிக்கால பூசை முடிந்து திரும்பும்போது, பிரசாதத் தொன்னையை வாயிலில் நிற்பவரிடம் கொடுப்பது என் வழக்கம். வாயில் பாசுரம் இருக்கும். பார்வை தரையில் இருக்கும். நீலச் சட்டைக்குள்ளிருந்து ஒரு கை நீளும், நான் கொடுப்பேன். இப்போதுதான் அவர் கழுத்தில் மெல்லிய கயிற்றில் கோத்த சிலுவையைக் கண்டேன். கோயிலில் துவாரபாலகரை வணங்காமல் ஒரு நாளும் நான் உள்ளே போனதில்லை. தலைவனைக் காண வந்தவர் முதலில் காவலனிடம் இறைஞ்சி நிற்க வேண்டும் என்பது பக்திப் பாடல்களின் மரபு. அதைக் குறித்து மார்கழி மாதங்களில் நான் சொற்பொழிவும் செய்திருக்கிறேன்.

ஆனாலும் என் சந்தேகம் அத்தோடு தீர்ந்ததென்று சொன்னால் அது பொய்யாகும். என்னை இளக்குவதற்காகத்தான் சுண்டல் கதையைச் சொல்கிறாரோ என்று அன்று முழுவதும் நினைத்தேன். பிறகு அந்தச் சந்தேகம் என் மீதே திரும்பியது. கடிதத்தை மறுக்க விரும்புவது விதி மீறப்பட்டதற்காகவா, நான் குருடனாக நடந்து திரிந்தது சங்கத்துக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகவா?

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தை எழுதினேன். இரண்டு ஆண்டுப் பணியை உறுதி செய்தேன். அதில் இருபது நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், அவர் அரசு விதித்த பயிற்சியில் இருந்தார். அந்நேரங்களிலும் போய்வரும் நேரங்களிலும் இரவுக் காவலர் அவருக்காக நின்றார். அவர்கள் அதை மறைத்து எழுத நேர்ந்தது நான் வகுத்த விதியால். அது என் கண்ணெதிரே நடந்தும் நான் தடுக்கவில்லை, ஆகவே பொறுப்பு என்னுடையது. இவ்வளவையும் எழுதிச் சங்கத்தின் முத்திரையை இட்டேன். சுவரிலிருந்த விதித்தாளை எடுக்கவில்லை. பயிற்சிக்குச் செல்பவருக்கு விலக்கு உண்டு என்று அதன் அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

பகல் காவலர் கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார். ஒவ்வொரு வரியின் கீழும் விரல் ஊர்ந்தது. இருபது நாள் என்ற இடத்தில் விரல் நின்றது.

"இந்த வரி இல்லாம குடுக்க முடியாதா சார்? இதப் பாத்து சேக்க மாட்டேன்னுட்டா?"

"அது இல்லாமல் கொடுத்தால் பொய்ச் சான்றிதழ் ஆகிவிடும்."

"நைட் அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாதே?"

ஏஜென்சி கேட்டால் நானே பேசுகிறேன் என்றேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாகச் சொல்ல மாட்டேன். கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பேருந்து நிறுத்தத்திலேயே அதைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. வண்டலூர் நிலையத்தின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். கடிதம் என்னுடையதுதானா, முத்திரை சங்கத்துடையதுதானா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த மாதிரி லெட்டர் யாருமே குடுத்ததில்ல. யாராவது மாத்தி எழுதிட்டாங்களோன்னு எங்களுக்கு டவுட். அந்த இருபது நாள் நைட் ஷிப்ட்காரர்தான் கேட்ல நின்னார்னு போட்டிருக்கீங்க. நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"தினமும் எதிரில் நின்றேன் அம்மா" என்றேன். "பார்க்கவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்."

மறுமுனையில் யாரிடமோ அதை அப்படியே திருப்பிச் சொன்னார். ஹவில்தாரின் குரல் ஏதோ கேட்டது. எனக்குச் சரியாக விளங்கவில்லை. தட்டச்சுச் சத்தம் சிறிது நேரம் கேட்டது.

"சரி சார், அவரைச் சேத்துக்கறோம். ஒரிஜினல் லெட்டர் எங்க ஃபைல்லயே இருக்கும்" என்றார்.